கதாநாயகி பத்திரிகை படிக்கவே இல்லை

என் மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் என்றென்றும் உரிய தங்கள் சமூகத்திற்கு, தங்கள் மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் திதி முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய இக்கடிதம், கார்த்திகை பாதி கழிந்த பின்னரே எழுதப்படுகிறது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இவ்விடம் யாவரும் நலம். அவ்விடத்து நலத்தை விசாரிப்பது முறைதானா என்று விளங்காமல், அந்த வரியை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

தங்கள் விலாசம் என்னிடம் இல்லை. ஆகையால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் தாங்கள். அங்கும் அவ்வழக்கத்தை விட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நம் கமலத்திற்கு ஒரு வரன் வந்திருக்கிறது. தை பிறந்ததும் பதில் சொல்லியாக வேண்டும். இன்னும் முடிவாகாத காரியமாதலால் பிள்ளையின் பெயரை எழுதவில்லை. சூரமங்கலத்தில், ரயில்வே பார்சல் ஆபீசில் உத்தியோகம். தகப்பனார் இல்லை. தாயார் குமாரபாளையத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும், அதனால் வடக்கே பெரிய உத்தியோகம் காத்திருக்கிறது என்று தரகர் சொன்னார். ஹிந்தி என்றதும் என் மனம் சற்றே குளிர்ந்தது. பாலபாடப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துக்கொண்டு, எவர் துணையுமின்றி அம்மொழியைக் கற்றவள் அல்லவா நான்?

பெண் பார்க்கும் சடங்கைப் பிள்ளையின் தாயார் விரும்பவில்லை. "ஏனுங்க, புள்ளைய நடுவூட்டுல உக்கார வெச்சுப் பாட்டுப் பாடச் சொல்றதெல்லாம் எனக்குப் புடிக்காதுங்க. டவுன்ல ஒரு இந்திப் படம் ஓடுதாம். எல்லாருமாப் போயிட்டு வரலாமுங்க. படத்தையும் பாத்த மாதிரி ஆச்சு, பொண்ணையும் பாத்த மாதிரி ஆச்சு" என்றார். ஊர் என்ன சொல்லுமோ என்று எனக்கு உதறல்தான். ஆயினும் குடும்பத்தார் அமரும் பெட்டி வகுப்பு என்றதால் சம்மதித்தேன். ஒரு கோடியில் அந்தத் தம்பி, அடுத்து அவர் தாயார், அடுத்து நான், மறுகோடியில் கமலம். நடுவில் நான் ஒரு மதில் போல அமர்ந்திருந்தேன்.

இனிப் படத்தைப் பற்றி. தாங்கள் பம்பாய்க்குச் சேலை மூட்டையோடு போய்த் திரும்பும்போதெல்லாம், நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கையில் எதிரில் உட்கார்ந்து, அங்கு பார்த்த பேசும் படங்களைக் கதையாகச் சொல்வீர்களே! அப்படிப்பட்ட ஒன்றை என் கண்ணாலேயே, என் ஹிந்தியாலேயே காணப்போகிறேன் என்ற ஆவலோடு சென்றேன். ஏமாந்தேன்.

பளபளப்பிற்குக் குறைவில்லை. நம் தெருவை மடித்து உள்ளே வைக்கும் அளவு அகன்ற மாடிப்படி. அதில் கதாநாயகி காரணமின்றி ஏறுகிறாள், காரணமின்றி இறங்குகிறாள். பணக்காரர் மகளாகிய அவளை, ஓர் ஏழை ஓவியன் மோட்டார் ஓட்டுபவன் வேஷத்தில் காதலிக்கிறான். நூல் கிடைக்காமல் இங்கே தறிகள் முடங்கிக் கிடக்கும் யுத்த காலத்தில், அவள் காட்சிக்கு ஒரு சேலை மாற்றுகிறாள். பட்டுடுத்தி மழையில் நனைந்து பாடுகிறாளே, சாயம் இறங்குமே என்ற கவலை அவளுக்கோ அவனுக்கோ உண்டா? கடைசியில் படம் முழுவதும் உறுமிய தகப்பனார் ஒரே சிரிப்பில் சம்மதம் தந்துவிடுகிறார். அவ்வளவு கோபமும் எங்கே போயிற்று? ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானிப்பது அத்தனை எளிதாயின், நான் ஏன் உறக்கமின்றிக் கிடக்கிறேன்?

ஆனால் என் மனத்தைக் கலக்கியது திரையில் நடந்ததன்று. முதல் காட்சியிலிருந்தே அந்தத் தம்பி தம் தாயாருக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். திரையில் ஓவியன், "விருந்திற்கு வருவாயா?" என்றுதான் கேட்டான். இங்கே தம்பி, "நாளைக்குப் பனமரத்துப்பட்டி ஏரிக்கு வாரியான்னு கேக்கறான்மா" என்றார்.

"வேண்டாம்னு சொல்லச் சொல்லு. ஏரியில இப்பத் தண்ணி ஜாஸ்தி."

"அதத்தான் அந்தப் பொண்ணும் சொல்லுது."

அவள் சொன்னதோ, தலைவலிக்கிறது என்று! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு காட்சியில், விருந்துகள் அலுத்துவிட்டன என்று அவள் ஏதோ முனகி அழுதாள். "பெத்தவங்ககிட்ட மனசு விட்டு ஒரு வார்த்த கேக்க முடியலையேன்னு அழுவுதும்மா" என்றார் தம்பி. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கண்ணும் நனைந்தது. படத்திற்காக அன்று, அப்படத்தில் இல்லாத அந்த வார்த்தைக்காக.

இடைவேளையில் சோடா வந்தது. நான் குரலைச் சரிசெய்துகொண்டு, படம் எவ்வாறு இருக்கிறது என்று தம்பியிடம் ஹிந்தியில் வினவினேன். இலக்கணம் சிறிதும் பிசகாமல் வினவினேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவர் சோடாப் புட்டியைக் கீழே வைத்தார். காது சிவந்துவிட்டது. "அத்தை, உங்களுக்கு இந்தி தெரியுங்களா?"

அத்தை என்று அழைக்க இன்னும் நாளிருக்கிறது. ஆயினும் திருத்தவில்லை. "கொஞ்சம் தெரியும் தம்பி."

"அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்..."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மூட்டை எண்ணற அளவுக்குத்தாங்க எனக்கு இந்தி வரும். மிச்சமெல்லாம் தரகரோட இந்தி."

அவர் தாயார் திரும்பினார். "என்னடா, அப்ப அந்த ஏரிக் கதை?"

"அது என்னோடதும்மா."

"நல்லாத்தானே இருந்துச்சு. மேல சொல்லு."

மணி அடித்தது. வாயடைத்துப் போவார் என்று எண்ணினேன். அவர் முன்னிலும் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் கமலம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தாங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கடைசிக் காட்சியில் மணமக்கள் மோட்டாரில் புறப்பட்டார்கள். "அம்மா, முன்சீட்டுல யாருன்னு தெரியுதா? பொண்ணோட அம்மா. அவங்கள இங்க தனியா உட்டுட்டுப் போகமாட்டேன்னு மாப்பிள்ளை சொல்லிட்டான்."

"எங்கடா? தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தன்தானே உக்காந்திருக்கான்?"

"அந்தப் பக்கமா மறைஞ்சு உக்காந்திருக்காங்கம்மா."

அப்படத்தில் கதாநாயகிக்குத் தாயே கிடையாது. இது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும் சொன்னார். தெரிந்தவள் காதில் விழும்படி சொல்லும் பொய்க்கு என்ன பெயர்? அது எனக்குத் தந்த வாக்கா? அல்லது பெண்ணைப் பெற்றவளின் மனத்தை இளக்கும் சாமர்த்தியமா? கமலம் போனபின் இவ்வீட்டில் நான் ஒருத்தியாக இருப்பதை எண்ணி நடுங்குவதை நான் எவரிடமும் சொன்னதில்லை. அதை அவர் எப்படி அறிந்தார்? வடக்கத்தி உத்தியோகம் பொய் என்றால், தரகர் சொன்னவற்றில் வேறு எது பொய்? கேட்கும் வரையில் தம்பியும் அதை மறுக்கவில்லையே!

ஜட்கா வண்டியில் திரும்பும்போது கமலத்திடம் கேட்டேன். "அவருக்கு ஒண்ணுமே புரியலைன்னு மொதப் பாட்டுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்மா. நீங்க சொல்லிக் குடுத்த இந்திதானே எனக்கும்" என்றாள்.

"அப்புறம் எதுக்குச் சிரிச்சே?"

"படத்துக்கா சிரிச்சேன்?"

"புடிச்சிருக்கா?"

அவள் வெளியே பார்த்தாள். "அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

அன்றிலிருந்து எனக்கு வேறொரு கவலையும் பிடித்துக்கொண்டது. தாங்கள் சொன்ன கதைகள் அனைத்திலும் கதாநாயகி காலையில் எழுந்ததும் தகப்பனாருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவாள். "அவ படிச்சா வீடே நின்னு கேக்கும் பாரு" என்பீர்கள். முகம் தெரியாத அந்தப் பெண்கள்மீது எனக்கு எவ்வளவு பொறாமை! அந்தப் பொறாமையில்தான் கமலத்தின் பள்ளிப் புத்தகத்தை எடுத்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தேன்; ஹிந்தி அதற்குப் பின் வந்தது. ஒருநாள் தங்கள் முன் ஒரு பத்தியை வாசித்தேன். மறுநாளிலிருந்து ஸ்டேஷனில் பத்திரிகை வாங்கி வரத் தொடங்கினீர்கள்.

இப்படத்துக் கதாநாயகி ஒரு காகிதத்தையும் தொடவில்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். வேறு ஹிந்திப் படங்களிலும் எவளும் பத்திரிகை படித்ததாகத் தெரியவில்லை. தங்களுக்கு ஹிந்தி தெரியுமா? பம்பாயில் சேலை விலை பேசும் அளவுக்குத்தான் தெரியுமா? அந்தப் பெண்கள் படித்தது படத்திலா, தங்கள் வாயிலா? எவர் உதவியுமின்றி எழுதப் படிக்கக் கற்றவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசி வந்திருக்கிறேனே!

தாங்கள் எனக்குச் சொன்னதும் அந்தத் தம்பி என் காதில் விழச் சொன்னதும் ஒரே வகையைச் சேர்ந்தவையாயின், என் அச்சம் தீரும். வெறும் வாய்ச்சாலம் என்றால் என் மகளை எப்படி அனுப்புவேன்? தங்களைத் தவிர இதைச் சொல்லத்தக்கவர் வேறு ஒருவருமில்லை.

ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன். தை பிறப்பதற்குள் தங்கள் பதில் வராவிடில், கமலத்தை எதிரில் உட்கார வைத்து அவள் மனத்தைக் கேட்பேன். அவள் சொல்வதையே சூரமங்கலத்திற்குச் சொல்லியனுப்புவேன். என் அச்சத்தை அவள் சொல்லோடு கலக்க மாட்டேன்.

தாமதமின்றிப் பதில் எழுதவும்.

இங்ஙனம்,
தங்கள் மனைவியும் கமலத்தின் தாயுமான
செல்லம்மாள்