தெஹ்ரானில் திறந்திருந்த வாசல்

என் அன்பு மலர் அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கோ. பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். எனக்கு நித்திரை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

எங்கள் இரண்டு பேருக்குமாக நீங்கள் டிக்கெட் எடுத்து வைத்த அந்த ஈரானியப் படத்தை இன்று பார்த்தேன். உங்கள் இருக்கையில் பிள்ளையின் பையை வைத்தேன். கைக்குழந்தையைப் படத்துக்குக் கொண்டு போகலாம். வீட்டில் ஒருவரும் மறிக்கவில்லை. உங்களைக் கடைசியாகப் பார்க்கத்தான் கொண்டு வரக் கூடாதாம்.

"பச்சை உடம்புக்காரி செத்தவீட்டுக்குப் போறதில்லை, பிள்ளைக்குக் கூடாது" என்றார் மாமி. இவர் என் முகத்தைப் பாராமல், "அம்மா சொல்றதைக் கேளுமன்" என்றார். த்ரீ கிங்ஸில் எங்கள் தெருவில் உங்கள் வீட்டுக்கு வந்த சனமெல்லாம் எங்கள் வாசலால்தான் போனது. நான் ஜன்னலில் நின்றேன்.

பிரசவ அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வடிவாக் கத்தடி, இஞ்ச ஆருக்கும் தமிழ் விளங்காது" என்று சிரிக்க வைத்தது நீங்கள். அன்றைக்கு இவருக்கு விரிப் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை. மாமிக்கு விசாவே வந்திருக்கவில்லை.

படத்தில் ஒரு டாக்ஸிக்காரர், ஒரு நர்ஸ், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒருவரையொருவர் தெரியாமல் தெஹ்ரானில் ஒரே தெருவில் உரசிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் டாக்ஸிக்காரர் இறந்துபோகிறார். ஒரு மழைநாளில் அவர் வண்டியில் ஏறிய அந்தப் பெண், பிள்ளையோடு அவர் வீட்டுக்குப் போகிறாள். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள். செத்தவரின் மனைவி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தேத்தண்ணி வந்தது. நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி டிஷ்யூ நீட்டினாள். படத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஒரு தரம் வண்டியில் ஏறியவளுக்கு இருந்த உரிமை எனக்கு இல்லையா, அக்கா?

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை அக்கான்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் போறன். பிள்ளையும் வாறான்."

மாமி எழுந்து அறைக்குள் போனார். சற்றுப் பொறுத்துப் பிள்ளை இருமினான். "கண்டியோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மாமியை விட, இவரை விட, என் மேல்தான் எனக்குப் பெரிய கோபம். பட்டம் படித்தவள், நானும் பயப்படுகிறேன்.

ஆனாலும் வருவேன். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் அவனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். ஞாயிறுக்கு முன்னம் கெதியாய்ப் பதில் போடுங்கோ.

உங்கள் கூடப்பிறவாத தங்கச்சி,
வதனி