இருபத்தொரு இழை

கோலாலம்பூர், 1936 தை

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

முருகன் துணையால் நான் சுகம். கொடிகாமத்தில் நீரும் பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். எழுத்துக் கோணலாயிருக்கும், பொறுத்துக்கொள்ளும்.

சென்ற வாரம் துரைசாணிக்கு மிளகு அரைக்கும் மரத் திருகை ஒன்று கடைசல் யந்திரத்தில் கடைந்தேன். “உந்த நூலைக் கழட்டிப்போட்டுக் கடை தம்பி” என்றார் பக்கத்தில் வேலை செய்யும் வைத்திலிங்கம் அண்ணை. நீர் எனக்காக விரதமிருந்து தபாலில் அனுப்பிய கௌரி காப்பு நூலை அடுத்த விரதத்துக்கு முன் கழற்றலாமா? “மாட்டன்” என்றேன். சுழன்ற கட்டை நூலைப் பிடித்து இழுத்தது. இருபத்தொரு இழையையும் நன்றாகத்தான் முறுக்கியிருந்தீர், நூல் அறுந்துபோகவேயில்லை. சிறு காயந்தான், பயப்பட வேண்டாம். திருகையை வேறொருவன் கடைந்து முடித்தான். மிளகு பூப்போல அரைபடுகிறதென்று துரைசாணிக்கு மெத்தச் சந்தோஷமாம்.

கூழ் காய்ச்ச ஒடியல் மா கொஞ்சம் அனுப்பும். தலையால் போடுகிற சட்டை இரண்டு தைத்து அனுப்பும், பொத்தான் வேண்டாம்.

தபாலுக்கு நேரமாகிறது. அடுத்த வருடமும் விரதத்தைத் தவறாமல் பிடியும். ஆண்கள் காப்பை வலக்கையில்தான் கட்டுவார்கள். இடக்கையில் கட்டினாலும் பலிக்குமா என்று கோயில் ஐயரைக் கேட்டு எழுதும்.

உமது கணவன்,
தில்லையம்பலம்