காபுரே எட்டிப் பார்த்த மண்

மார்ச் 4

இதில் எழுதப்போவதை யாரும் நம்பமாட்டார்கள் என்று இப்போதே முறைப்படி அறிவிக்கிறேன். பசிபிக் கடல் நடுவே எங்கள் கிரிபட்டித் தீவில் மண் கிடையாது, வெறும் மணல்தான். ஆகவே நானே மண்ணைப் படைக்கிறேன். கடவுளுக்கு ஆறு நாள் ஆனது. எனக்கு மாதக்கணக்காகும் — அவர் பன்றிச் சாணம் சுமக்கவில்லை.

இடம்: அண்ணன் மகள் தெரேத்தியாவின் சமையல் குடிசை நின்ற இடம். அவள் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். குடிசையை நான்தான் பிரித்தேன்.

மார்ச் 9

பழைய கீரைப் பாத்திக்குத் துணையாகப் புதுப் பாத்தி தோண்டி, அடியில் தேங்காய் மட்டை பரப்பினேன். மேலே சாணம், ஈரப்பலா மரத்தடியில் மக்கிக் கறுத்த சருகு, இரும்புச் சத்துக்குத் துருப்பிடித்த மீன் டப்பாக்கள். இதுவரை ஊருக்கே தெரியும். அதன்மேல் எந்த இலை, எந்த வரிசை என்பது குடும்ப ரகசியம். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். எட்டிப் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுக் காபுரேயும் புதுப் பாத்தி போடுகிறான். இன்று தாழை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். மரத்தின் இரண்டு பக்கமும் வயிறு தெரிந்தது.

"யோவ், என்ன பாக்குற?"

"என் கோழியத் தேடுறேன்."

"உனக்கு ஏது கோழி?"

"அதான்யா தேடுறேன்."

மார்ச் 20

அவனை ஏமாற்ற என் கிழிந்த சட்டையைப் பாத்தியில் புதைத்தேன். சாயங்காலம் அவன் பாத்தியில் அவன் சட்டை. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தீவில் தேங்காய் உதிர்ந்திருக்கும்.

ஏப்ரல் 2

காபுரேயின் காலில் புண் அழுகிவிட்டது. தலைநகர் தாராவாவில் இருக்கும் மகன் வந்து, அங்கே ஆஸ்பத்திரிக்கு அவனைக் கப்பலேற்றிக் கூட்டிப்போனான். இனி நிம்மதியாக வேலை செய்யலாம்.

ஏப்ரல் 5

நிம்மதி.

ஏப்ரல் 17

முதுகைத் திருப்பிக்கொண்டு, மறைத்து மறைத்து இலை நறுக்கினேன். யாரிடமிருந்து?

ஏப்ரல் 23

தெரேத்தியா போனில் கேட்டாள்: "சித்தப்பா, தனியாவா சாப்புடுறீங்க?" ராஜாக்கள் தனியாகத்தான் சாப்பிடுவார்கள் என்றேன். சிரித்தாள். லைன் போய்விட்டது.

சோறு ஒரு படைக்கு மீந்தது.

மே 6

மழை இல்லை. காபுரேயின் பாத்தி வெளுத்து மறுபடி மணலாகிறது. அவன் காலையே எடுத்துவிட்டார்களாம், கடைக்காரி சொன்னாள். திரும்பி வருவானா என்றேன்.

"கப்பலுக்குத்தான் தெரியும் மாமா."

வந்தாலும் இந்த மணலைப் பார்த்தால் இருப்பானா? ஒற்றைக் காலோடு எதைத் தோண்டுவான்? மகனோடு தாராவாவுக்கே போய்விடுவான். போயிட்டா — நான் யாருகிட்ட மறைப்பேன்?

மே 7

பட்டப்பகலில், ஊர் பார்க்க, என் இலைகளைக் கூடை கூடையாகச் சுமந்துபோய் அவன் பாத்தியில் போட்டேன். உரி மரத்து இலை, ரென் மரத்து இலை, வரிசை மாறாமல். கிணற்று நீர் இறைத்து ஊற்றினேன். அப்பாவுக்குத் தெரிந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைவார். வரட்டும். பேச ஓர் ஆளாச்சு.

மே 30

அவன் பாத்தியைத் தினமும் நனைக்கிறேன். மண் கறுக்கிறது. கப்பல் வந்தது. அவன் வரவில்லை.

ஜூன் 11

வந்துவிட்டான். எடுத்தது காலை இல்லை, இரண்டு கால்விரலை. இந்த ஊர் என்னைவிடப் பெரிய புளுகுமூட்டை.

தடியை ஊன்றிப் பாத்தியோரம் உட்கார்ந்தான். மண்ணைக் கிளறினான். ஒரு பிடி எடுத்து மோந்தான்.

"உன் ரகசியம் போச்சே, பிரிபோ."

"போகட்டும்."

"ரென் இலைய அளவில்லாம போட்டிருக்க. உன் கீரை ஏன் கசக்குதுன்னு இப்பத்தான் புரியுது."

"கசக்குதா?"

"நீ குடுக்குற கீரை வருஷக்கணக்கா கசக்குது. நாளைக்குப் பாத்திக்கு வரேன். பக்கத்துல உக்காந்து சொல்றேன், அப்படிப் போடு."

இந்த நோட்டில் முக்கால்வாசி புளுகு. வயிறு, சிரிப்பு, மீந்த சோறு எல்லாமே ஊதிப் பெருக்கியதுதான். ஒன்று மட்டும் நிஜம்: இதோ ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே, காபுரே அந்தக் கசப்புக் கீரையை மறுபடி வாங்கிச் சாப்பிடுகிறான்.