இடிந்த மூலைக்கு என்ன காரணம்

வீட்டிலிருந்து, 20 மே 1979

அன்பு மகன் லுபோஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஸ்வீடன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. சொல்வது நான் என்றாலும் கையெழுத்து உன் தங்கை ராத்காவுடையது. நிலவறைப் படியில் ஊறுகாய் ஜாடியோடு வழுக்கி விழுந்ததில் எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நான் சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லித்தான் இவளை உட்கார வைத்திருக்கிறேன், பதினைந்து வயதில் வாய் மட்டும் ஐம்பது வயதுக்கு வளர்ந்திருக்கிறது. (அண்ணா, ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா கையை விட்டாள், ஜாடியை விடவில்லை. ராத்கா.) இந்தக் கடிதத்தைப் பாடகர் குழுவோடு அங்கே வரும் யித்கா தன் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறாள், அதனால்தான் மனம்விட்டு எழுதுகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாரோ படித்துவிடுகிறார்கள்.

நம் வீட்டு மூலை பதினோரு வருடமாக அப்படியேதான் இருக்கிறது. பலகை அடித்து, சாக்கு திணித்து, அதன்மேல் உன் பழைய பனிக்கோட்டையும் மாட்டியிருக்கிறோம், காற்று அதைச் சுற்றிக்கொண்டு ராத்காவின் கட்டிலுக்கு வந்துவிடுகிறது. சோவியத் டாங்கி இடித்த மூலை என்று தெருவுக்கே தெரியும். நெடுஞ்சாலையில் போக வேண்டிய டாங்கி நம் ஆலைத் தெருவுக்குள் ஏன் வந்தது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அறுபத்தெட்டு ஆகஸ்டில் சோவியத் படை நம் நாட்டுக்குள் நுழைந்தபோது, வந்தவன் வழி தெரியாமல் திண்டாடட்டும் என்று ஊரெல்லாம் வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டது. நீயும் உன் அப்பாவும் அது போதாதென்று ப்ராக் அம்புக்குறியைத் திருப்பி வைத்தீர்கள். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று இருவரில் ஒருவராவது பார்த்திருக்கலாம்.

சரி, அது போகட்டும். சுவர் கட்டச் செங்கல் கேட்டு அப்பா ஒவ்வொரு வசந்தத்திலும் நகர அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுவார், படிவத்தில் சேதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் டாங்கி என்று எழுதுவார், அது அப்படியே திரும்பி வரும். வீட்டுப் பிரிவில் இருக்கிற தோழர் ஷிமெக் கெட்ட மனிதர் இல்லை. "ஒல்ட்ரிக், அன்னிக்கு வந்தது சகோதர உதவின்னுதான் அரசாங்கம் சொல்லுது. உதவி வந்து யார் வீட்டுச் சுவரையாவது இடிக்குமா? பழைய சுவர், தானா விழுந்துச்சுன்னு எழுதிட்டுப் போயேன்யா" என்பார். "நான் கட்டின சுவர் தானா விழாது" என்று இவர் திரும்பி வந்துவிடுவார். பத்து வசந்தம் இதே கூத்து. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல், ஆனால் குளிரில் நடுங்குவது என் மகள்.

ஊர் எப்படி மாறிவிட்டது என்று நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எதிர்வீட்டு ஸெலென்கோவா அன்று மாடியிலிருந்து டாங்கி மேல் பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டினாளே, போன வாரம் இறைச்சிக் கடை வரிசையில் நான் சுவர்ப் பேச்சை எடுத்ததும் "அந்தப் பழங்கதைய விடு போஷெனா, கடையில கறி கிடைக்குது, நாங்க தோட்டவீட்டுக்கு மாடி எடுக்கிறோம், அந்தச் சிப்பாய்ப் பசங்க நம்மள என்னதான் பண்ணாங்க" என்கிறாள். பள்ளியில் ராத்காவுக்கு, அவர்கள் நம்மைக் காப்பாற்ற வந்த விருந்தாளிகள் என்று பாடம். (பதினோரு வருடமாகக் கிளம்பாத விருந்தாளிகள் என்று எழுதினேன், மதிப்பெண் மட்டும் கிளம்பிவிட்டது.) உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பையன்கள் மேல் இப்போது கோபமில்லை. நம் மூலையில் சிக்கிய டாங்கியிலிருந்து உன் வயதில் ஒருவன் இறங்கி, இது எந்த ஊர் என்று என்னிடம் கேட்டான், தண்ணீரும் கேட்டான். இரண்டையும் நான் கொடுக்கவில்லை. இன்று கேட்டாலும் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், தண்ணீர் ஒருவேளை கொடுப்பேன். என் ஆத்திரமெல்லாம், வந்ததை வரவில்லை என்று நம் வாயாலேயே சொல்ல வைக்கிறார்களே, அதன் மேல்தான்.

இந்த வசந்தத்தில் விஷயம் சுவரோடு நிற்கவில்லை. ராத்கா மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தாள். நீ நாட்டைவிட்டுப் போனதே இவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, குறை சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து அப்பா செங்கல் படிவத்தை நிரப்ப இவளிடம் கொடுத்தார், தன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறதென்று. காரணம் என்ற கட்டத்தில் இவள் என்ன எழுதினாள் தெரியுமா, "சகோதர உதவி". படித்துப் பார்க்காமல் இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். (அவர்கள் வார்த்தை, அவர்கள் கட்டம். அம்புக்குறியைத் திருப்பியது யார்? என் சகோதரன். எப்படிப் படித்தாலும் பொய் இல்லை.)

ஷிமெக் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். "என்னய்யா எகத்தாளமா? இதை நான் கோடு போட்டு அடிச்சா அரசாங்கத்தோட வார்த்தைய அடிச்சவன் ஆவேன், விட்டா உதவிதான் சுவர இடிச்சுச்சுன்னு ஒத்துக்கிட்டவன் ஆவேன், யார் எழுதினது இது?" என்று கேட்டார். அப்பா எழுத்தைப் பார்த்தார், முகம் மாறவில்லை, "நான்தான்" என்றார். ஷிமெக் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாக, "இது உன் எழுத்து இல்லைன்னு எனக்குத் தெரியும் ஒல்ட்ரிக். உன் பொண்ணோட பள்ளி விண்ணப்பத்துக்குக் குடும்ப அறிக்கை இந்த மேஜையிலிருந்துதான் போகணும். வேற படிவம் தர்றேன், என்னைச் சங்கடத்துல விடாத" என்றார்.

புதுப் படிவத்தை அப்பா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் தன் கோழிக் கையெழுத்தில் "லாரி" என்று எழுதினார். எந்த லாரி, எண் என்ன என்று அதற்கும் ஒரு கேள்வி இருந்தது, "அடையாளம் தெரியாததுன்னு போடு" என்று ஷிமெக்கே சொல்லிக்கொடுத்தார். நான்தான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன், இதைப் பத்து வருடம் முன்னால் எழுதியிருந்தால் குழந்தை குளிரில்லாமல் தூங்கியிருப்பாளே என்று, சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று தெரிந்தது.

போன வாரம் ராத்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. (மற்றவர்கள் பேருந்தில் போவார்கள், நான் அப்பாவின் லாரியில் ஏறிப் போகிறேன். இதற்கு எனக்கே சிரிப்பு வரவில்லை, அண்ணா.) கேக் செய்தேன், அப்பா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்றார், அவ்வளவுதான்.

கம்பளி உள்ளாடையைச் சீக்கிரம் எடுத்து வைத்துவிடாதே, மே மாதத்தை நம்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நல்ல பெண்ணாக யாராவது இருந்தால் மறைக்காமல் எழுது. கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும், எங்கள் ஆயுளிலும் கொஞ்சம் உனக்குச் சேரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த முறை அப்பா உனக்குத் தபாலில் எழுதும்போது, நம் சுவரை இடித்த லாரி என்று எழுதுவார், அந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்களே. நீ பதில் எழுதும்போது, ஆமாம் அப்பா, அந்த லாரி எனக்கும் நினைவிருக்கிறது என்று எழுதிவிடு.

உன் அம்மா,
போஷெனா

(கீழே கோணலாக இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து. அது மட்டும் என்னுடையது இல்லை. ராத்கா.)