சுவருக்குள் நின்ற அக்கா

பிப்ரவரி 9, திங்கள்

குளியலறைக்குள் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடினேன். வயிறு சரியில்லை என்று வெளியே சொல்லியிருந்தேன். ஐம்பதைத் தொடப் போகிற பொம்பளை, எழுதும்போதே கூசுகிறது. தம்பி மனைவி கதவைத் தட்டி, "அண்ணி, சுடுதண்ணி வச்சுத் தரவா?" என்றாள். அந்த நேரம் பார்த்து கேமில் மழை பிடித்துக்கொண்டது. "ஐயோ, எல்லாம் போச்சு" என்று கத்திவிட்டேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தால் ஒரு கையில் சுடுதண்ணி, ஒரு கையில் மாத்திரை.

கேம் தம்பி செய்தது. கம்பெனியை மூடி இவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு வேறு வேலை தேடுவான் என்று பார்த்தோம். இவன் தேடியது ஒரு பழைய விளையாட்டு மெஷினை. கையில் பிடித்து ஆடுவது, செங்கல் கனம், பேட்டரி போட வேண்டும். அதைச் செய்தவர்களே அதை மறந்துவிட்டார்கள். ஆனால் உலகத்தில் இன்னும் சில கிறுக்குகள் அதற்குப் புதுசாக கேம் எழுதுகிறார்களாம். என் வீட்டில் ஒன்று இருக்கிறது.

மொட்டை மாடியில் ஒரு குண்டு அம்மா. மழை வருவதற்குள் காயும் துணியை எல்லாம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். விடவே முடியவில்லை.

பிப்ரவரி 11

அந்தக் குண்டு அம்மா நான்தான்.

இன்றைக்குத்தான் உறைத்தது. நடையைப் பார்த்தேன், துணியை உதறித் தோளில் போடுகிற விதத்தைப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. ஓட்டல் சலவைப் பிரிவில் இத்தனை வருஷமாக நான் செய்கிற அதே உதறல்.

"டேய், இடுப்பை ஏன்டா இவ்வளவு அகலமாப் போட்ட?"

"குறைச்சுத்தான் போட்டிருக்கேன் அக்கா. திரையில இடம் பத்தல."

ஒரு மணி நேரம் அவனோடு பேசவில்லை. அதற்கு மேல் என்னால் யாரோடும் பேசாமல் இருக்க முடியாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

தம்பி மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "இந்த கேம் நல்லபடியா வெளிய போச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். சொதப்பிச்சுன்னா அடுத்த திங்கக்கிழமையே அப்பாவோட பைப் கடைல போய் உக்காரணும்."

தம்பி முகம் செத்துப்போய்விட்டது. அவனுக்கு மாமனார் கடை என்றால் ஜெயில். மாமனார் நல்ல மனுஷன்தான், ஆனால் பைப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார். கல்யாணப் பந்தலிலேயே முக்கால் இஞ்ச் பற்றித்தான் பேசினார்.

கேசட் அடித்துத் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அனுப்பினால் கேமை சிப்புக்குள் ஏற்றிவிடுவார். ஏற்றினது ஏற்றினதுதான், அழித்து எழுத முடியாது. முன்கூட்டியே கேட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் போய் அங்கே ஓடவில்லை என்றால்?

"கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது" என்றான் தம்பி. கம்ப்யூட்டருக்குள் அந்த மெஷின் மாதிரியே நடிக்கிற ஒன்று இருக்கிறதாம். நான் குளியலறைக்குள் கொண்டுபோனதும் அசல் இல்லை, பளபளவென்று வரும் போலிதானாம். நடிக்கிறதை நம்பியா கேசட் அடிப்பது? அசல் மெஷின் ஒன்று வாங்கி அதில் ஓட்டிப் பார் என்றேன்.

பிப்ரவரி 18

சாயங்காலம் பழைய சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாயில் எப்போதும் திருகாணி; அதை எடுக்காமலே பேசுவார். நான் அவருக்குத் திருகாணி என்றே பெயர் வைத்துவிட்டேன். கோபப்படவில்லை. கோபப்பட்டால் விழுங்கிவிடுவார்.

மூன்று மெஷின் எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் பாரித்துப்போன பழசு, திரை மங்கல். இன்னொன்று அதே பழசு, உள்ளே புதுத் திரை மாட்டி லைட் எரிகிறது. மூன்றாவது பின்னால் வந்த சின்னது. தம்பியின் கை நேராக லைட் எரிகிறதற்குப் போனது. மாப்பிள்ளை பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது சட்டைதானே.

"உங்க கேமை வாங்குறவங்க எல்லாம் திரையை மாத்தி வச்சிருப்பாங்களா?" என்றார் திருகாணி. "மங்கல்ல தெரிஞ்சா எதுலயும் தெரியும். இதுல பாருங்க."

கடையிலிருந்த கேசட் ஒன்றில் கேமை ஏற்றி மங்கலில் போட்டான். நான் நின்றால் தெரிகிறேன். ஓடினால் கரைந்துபோகிறேன், பின்னால் ஒரு அழுக்குக் கோடு மட்டும் வருகிறது. மழை இருக்கிற இடமே தெரியவில்லை. இத்தனை நாள் உழைத்தது அந்தத் திரையில் ஒரு கறை. கடைக்காரரே வாயிலிருந்து திருகாணியை எடுத்துவிட்டார்.

மங்கலையே வாங்கினோம்.

கேசட்டிலும் இரண்டு வகை. ஒன்றில் நிறைய கேம் போட்டு வைத்துக்கொள்ளலாம். மெஷினைப் போட்டதும் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொன்று ஒற்றைக் கேசட், அழித்து அழித்து எழுதலாம், ஆனால் ஒரே கேம்தான் தாங்கும், போட்டதும் அதுவே ஓடும். தம்பிக்குப் பட்டியல்தான் வசதி. எனக்கு அந்தப் பட்டியல் ஒத்துவரவில்லை. எல்லாம் இங்கிலீஷ், நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். கடையிலேயே பட்டனை மாற்றி அமுக்கி ஒரு கார் ரேஸில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் நின்றேன். எனக்காக அந்த ஒற்றைக் கேசட்டையும் வாங்கினான்.

பிப்ரவரி 24

தம்பி எல்லாவற்றையும் திரும்ப வரைந்துவிட்டான். மழை தெரிகிறது. ஓடினாலும் தெரிகிறேன். இடுப்பில் ஒரு புள்ளிகூட குறையவில்லை.

பிப்ரவரி 26, காலை

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு ஆட்டம் போடலாம் என்று மெஷினைப் போட்டேன். நான் சுவருக்குள் நிற்கிறேன். தலை மட்டும் வெளியே. கை கால் எதுவும் அசையவில்லை. மழை வந்தது, நனைந்தேன், ஒரு உயிர் போனது. அடுத்த உயிரில் சாதாரணமாக மாடியில் நிற்கிறேன்.

தம்பியை எழுப்பிக் கொண்டுவந்து, அணைத்துத் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஒழுங்காக ஓடுகிறது. நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் ஒழுங்கு.

"அக்கா, கண்ணாடியைத் துடைச்சுப் போடு."

பிப்ரவரி 27

மறுபடி சுவருக்குள். அவனைக் கூப்பிட்டால் மறுபடி ஒழுங்கு.

பிப்ரவரி 28

இன்றும். இந்தத் தடவை வேலியில் தொங்கினேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 1, ஞாயிறு

தம்பி மனைவி கேட்டே விட்டாள். தம்பி தன்னுடைய பட்டியல் கேசட்டை அதே மெஷினில் போட்டு, அணைத்து அணைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினான். ஒரு தடவைகூட சுவர் இல்லை. நான், "காலைல வருதுடா, காலைல மட்டும்" என்கிறேன். எனக்கே அது பேய்க்கதை மாதிரித்தான் கேட்கிறது.

தம்பி மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அண்ணி, அவரைக் கடைக்கு அனுப்பக் கூடாதுன்னு நாளைத் தள்ளுறீங்களா?"

நான் ஊரையே கிண்டல் பண்ணுகிறவள்தான். ஒத்துக்கறேன். ஆனா இதுல பொய் சொல்வேனா? என் தம்பி பொழப்புல? சாப்பிடாம எழுந்து வந்துட்டேன். என்ன பெரிய சாப்பாடு, பிறகு வந்து சாப்பிட்டேன். ஆனா அவ கேட்டது இன்னும் இங்கேயே நிக்குது.

மார்ச் 3, செவ்வாய்



காலையில் ஒரு யோசனை வந்தது. எப்போதும் நான் போட்டு, பார்த்து, பிறகுதான் அவனைக் கூப்பிடுகிறேன். இன்று நான் தொடவே இல்லை. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த மெஷினை ஒற்றைக் கேசட்டோடு எடுத்துப்போய் அவன் கையில் வைத்தேன். "நீ போடு."

போட்டான்.

சுவருக்குள் நான். தலைகூட வெளியே இல்லை, ஒரு கை மட்டும். துணி எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் என்னென்னவோ பூச்சி மாதிரி எழுத்துகள்.

"பாத்தியா? பாத்தியா?" என்று குதித்தேன். ஜெயித்த சந்தோஷம். அவன் குதிக்கவில்லை. படுக்கையில் அப்படியே உட்கார்ந்தான்.

"நேத்து சாயங்காலம் அனுப்பிட்டேன் அக்கா."

என்னிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டான். கேசட் அடிக்கிறவர் இரவிலேயே வேலை செய்கிற ஆள். போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. தம்பி மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பைப் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வேலைக்குப் போனேன். வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துண்டைப் போட்டு ஓட்டிவிட்டேன். மேற்பார்வை அம்மா என்னைப் பார்த்து, திட்டாமல் தண்ணீர் கொடுத்தாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

அதே நாள், மாலை

ஆள் மதியம் போனை எடுத்தார். கொஞ்சம் ஏற்றி முடித்துவிட்டாராம். மீதியை நிறுத்திவிட்டார். ஏற்றினது ஏற்றினதுதான். தம்பி போனை வைத்துவிட்டுச் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. இரண்டும் போல இருந்தது.

பிறகு எனக்கு விளக்கினான். கேம் தொடங்கும்போது நான் எங்கே நிற்க வேண்டும் என்று அவன் எழுதவே மறந்திருக்கிறான். செத்துப் பிழைத்தால் எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறான். கம்ப்யூட்டரில் நினைவு எப்போதும் சுத்தமாக இருக்கும், அதனால் தப்பித்தது. பட்டியல் கேசட்டும் கேமைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அசல் மெஷினில் அந்தக் கேம் மட்டும் தனியாக ஓடினால், உள்ளே கிடக்கிற குப்பையை எடுத்துக்கொள்ளும்.

"முன்னாடி ஓட்டினவங்க விட்ட சாக்ஸ் டிரம்முக்குள்ள கிடக்குற மாதிரியா?"

"அதேதான் அக்கா."

"அப்ப நான் உடனே அணைச்சுப் போட்டப்ப?"

"நீ ஆடினதோட மிச்சம் உள்ள இருந்திருக்கு. நல்ல மிச்சம். அதான் ஓடியிருக்கு. ஒரு ராத்திரி கிடந்தாத்தான் அது போகும்."

வாங்குகிறவர்கள் கைக்குப் போவதோ ஒற்றைக் கேசட். எல்லோரும் சுவருக்குள் நின்றிருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் பட்டியல் தெரிந்திருந்தால் நானும் அவன் கேசட்டிலேயே ஆடியிருப்பேன். யாருக்கும் தெரியாமல் எல்லாம் ஏறியிருக்கும்.

தம்பி மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு அது இது என்று எதுவும் கேட்கவில்லை. "நாளைக்குக் காலைல நான் போட்டுப் பாக்கறேன் அண்ணி. நீங்க தூங்குங்க" என்றாள்.

மார்ச் 4

தம்பி ராத்திரியே சரிசெய்து கேசட்டில் ஏற்றியிருந்தான். அவள் போட்டாள். மாடியில் நின்றேன்.

மார்ச் 9

வாரம் முழுக்க முறை வைத்துக் காலையில் போட்டுப் பார்த்தோம். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். ஒரு நாளும் சுவர் இல்லை. நேற்று அவள் ஒற்றைத் துணிகூட நனையாமல் முடித்துவிட்டாள். நான் இதுவரை முடித்ததில்லை. என்னைப் பார்த்து, "அண்ணி, கொஞ்சம் சுறுசுறுப்பா நடங்க" என்கிறாள். எனக்குப் போட்டியாக ஒரு ஆள் தயாராகிவிட்டது.

இன்று புதுசை அனுப்பினான். மூன்று பேரும் சேர்ந்து பட்டனை அமுக்கினோம்.

மார்ச் 23, திங்கள்

கேசட்டுகள் சனிக்கிழமை வந்தன. மூடியிருந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஓடின. மாமனார் வந்திருந்தார். ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, நல்ல பிளாஸ்டிக் என்றார். கடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

நேற்று உட்கார்ந்து ஒட்டுத்தாள் ஒட்டினோம். முன்பக்கம் படம், பின்பக்கம் எச்சரிக்கை. பின்பக்கம் என் பொறுப்பு. முடிவில் ஒன்று குறைந்தது. மேசைக்கு அடியில் தேடினோம், பெட்டிக்குள் தேடினோம், கிடைக்கவில்லை. தம்பி கையால் எழுதி ஒட்டினான்.

இன்று நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சலவைப் பிரிவில் குழாய் ஒன்று விட்டுக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரைக்கும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வை அம்மா என் முதுகிலிருந்து ஒட்டுத்தாளை உரித்து, வாசித்துவிட்டு, என் கையில் கொடுத்தாள்.

'ஈரம் படாமல் வைக்கவும்.'