காலனித் தெருவில் பாடிய கச்சேரி

அன்பு மகன் வாஜிதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் வேலையில் நிம்மதியையும் தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே உன் தங்கை ஹுஸ்னாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது, வாந்தி நின்று இப்போதுதான் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறாள். உன்னைப் பெற்ற அத்தாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் பேசும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவனிடம் எதுவும் சொல்லாதே என்று கையைக் காட்டுகிறார், அதனால் லீவுக்கு வந்திருக்கும் உன் கூட்டாளி மன்சூர் திரும்பும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன், பதறாமல் படி.

பாட்டு டீச்சர் மணிமேகலையோடு அத்தா மைக்செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவது உனக்குத் தெரியும். கச்சேரி கேட்க மதுரைக்கும் சென்னைக்குமா போக வேண்டும், நம் ஜனங்கள் ஊரிலேயே எதிரே உட்கார்ந்து கேட்கட்டுமே என்று அந்தப் பொண்ணு ஆரம்பித்தது. வயலினுக்கு ஈஸ்வரன், மிருதங்கத்துக்கு சோலைமுத்து, அந்தப் பொண்ணுக்குத் துணையாக நான். போன மாதம் வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். ஊர் நடுவே மந்தைத் திடலில் மேடை. முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. காலனி ஜனங்கள் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணிமேகலை மைக்கிலேயே, "ஏன் தள்ளி நிக்கிறீங்க, முன்னாடி வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டுவிட்டது. பூப்பறிக்கிற ஜக்கம்மாள்தான் முதலில் மகளோடு வந்து உட்கார்ந்தாள், அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். உடனே ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "பாட வந்தமா போனமான்னு இருக்கணும், யாரு எங்க உக்காரணும்னு நீங்க சொல்ல வேணாம்" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார். மணிமேகலை கீழே இறங்கி, "அவங்க தெருவுலயே பாடுறேன்" என்று நடந்தது. அத்தா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிவிட்டார்.

ஜக்கம்மாள் வீட்டிலிருந்து கரண்ட் எடுத்தார்கள். உலையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அன்று அந்தப் பொண்ணு பாடிய மாதிரி நான் என்றுமே கேட்டதில்லை வாஜித், ராகத்தின் பேர் எனக்கென்ன தெரியும், கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கல் வந்து விழுந்தது. ஈஸ்வரன் வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தான். அந்தப் பொண்ணுக்கு முன்னால் போய் நின்ற அத்தாவின் இடது காதில் ஒரு கல் பட்டது. அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீசில் எழுதிக் கொடுத்தோம், இருட்டில் யார் எறிந்ததென்று எப்படிக் கண்டுபிடிக்க என்கிறார்கள்.

அதைவிட மனதை அறுப்பது வேறு. ஜக்கம்மாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காலனிப் பெண்கள் யாரையும் இப்போது ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்தில் பூப்பறிக்கக் கூப்பிடுவதில்லையாம். மறுபடியும் வந்து பாடுகிறேன் என்று மணிமேகலை அவள் கையைப் பிடித்ததற்கு, "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தாயி. ஆனா இனிமே வந்துறாதீக. நீங்க வேன் ஏறிப் போயிருவீக, நாங்க அங்கனதான கெடக்கணும்" என்றாள். அன்றிலிருந்து மணிமேகலை எங்கேயும் பாடப் போகவில்லை. நேற்று அத்தா ஸ்பீக்கர் இரண்டையும் பிரித்துத் துடைத்து மாட்டிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுபோல கேக்குதா பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் பிடிபடாது. சரியாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. அல்லாஹ் உன்னை நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும், பத்திரமாக வீடு சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, மைக்செட்டை விற்கச் சொல்லி இனி அவரை நச்சரிக்காதே. போனில் அவர் "என்னப்பு, என்னப்பு" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொல்லு.

உன் அம்மா,
கமர்ஜஹான்
திண்டுக்கல்