பதினாலாயிரம் தள்ளுபடி

8-6-2009, திங்கள்
காலையில் தூறல். ஆம்பூர் முழுக்க ஈரத்தோல் நாற்றம். அரை நாள் லீவு. தங்கை ரூத்தின் நர்ஸிங் சீட்டுக்குக் கல்விக்கடன் கேட்க வங்கிக்குப் போனேன். கொண்டுபோனவை: அட்மிஷன் கடிதம், என் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.காம். சான்றிதழ் (யாரும் கேட்கவில்லை).

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. உடன் கையெழுத்து நான்தான்.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க பேர்ல வேற பேங்க்ல ஒரு லோன் இருந்துதே?"
"போன வருஷமே முடிச்சிட்டோம் சார்."
கடன் பைசலானதாக அந்த பேங்க் கொடுத்த கடிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக எடுத்துப் போயிருந்தேன், நீட்டினேன். படித்துச் சிரித்தார்.
"முடிக்கலம்மா. பேரம் பேசியிருக்கீங்க. கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மி."
வரிசையில் பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

9-6, செவ்வாய்
வெயில். ஷூ ஃபேக்டரி ஆபீஸில் வேலை ஓடவில்லை. 2007-ல் என் சம்பளத்தைக் காட்டி எடுத்த கடன். அதில் அப்பா இரண்டு தையல் மிஷின் வாங்கினார், ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்க. ஆர்டர் நின்றது. ஐந்து தவணை பாக்கி. வசூல்காரர் எங்கள் ஃபேக்டரி கேட்டுக்கே வந்தார், ஷிப்டு விடும் நேரம் பார்த்து. "இன்னாம்மா பட்டதாரி, வாங்கத் தெரியுது, கட்டத் தெரியலியா?" சிரித்தவர்களில் இரண்டு பேர் என் செக்‌ஷன்.

அப்பா தோல் மண்டியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். அங்கே ஒரு வியாபாரி நொடித்தால் உட்கார்ந்து பேசுவார்கள். பாதியோ முக்காலோ கொடுத்துப் பைசல். கைகுலுக்கல், டீ. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. அதேபோல் வசூல்காரரோடு உட்கார்ந்தார். மொத்தக் கடன் பாக்கி முப்பத்திரண்டாயிரம், பதினெட்டாயிரமாக இறங்கியது. மிஷின்களை விற்றுக் கட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார்.
"பாத்தியா, பதினாலாயிரம் கம்மி பண்ணிட்டேன்!"
நானும் கைதட்டினேன். வணிகவியல் படித்தவள்.

11-6, வியாழன்
மறுபடி வங்கி. நேரில் பேச வராது, துண்டுச் சீட்டில் எழுதிப் போனேன்.
1. விட்ட பதினாலாயிரத்தை இப்போது கட்டினால்? "முழுசா முடிஞ்சதுன்னு மாத்துவாங்க. அதான் நல்லது."
2. ஸ்கோர் உடனே ஏறுமா? "ஏறாதும்மா. லேட்டா கட்டுனது அப்படியே நிக்கும். வருஷக்கணக்குல மெதுவா ஏறும்."
3. அந்த ஐந்து தவணையை மட்டும் கட்டிவிட்டு, மீதியை ஒழுங்காக ஓட்டியிருந்தால்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு லோன் குடுத்திருப்பேன்."

சாப்பிடும்போது மூன்றாவது பதிலை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் அவர் கை அப்படியே நின்றது. எனக்கு நன்றாக இருந்தது.

20-6, சனி
ஃபீஸ் கெடு முடிந்தது. சீட் வேறு யாருக்கோ. யூனிஃபார்முக்கு வாங்கிய வெள்ளைத் துணியைத் தையல்காரரிடமிருந்து ரூத் திரும்ப வாங்கி வந்தாள். இன்னும் வெட்டவில்லை. "தலகாணி உறை தைச்சிக்கலாம்க்கா. நாலு வரும்."
அப்பா வெளியே போய்விட்டார்.

29-6, திங்கள்
ரூத் எங்கள் ஃபேக்டரியில் சேர்ந்தாள். பசை ஒட்டும் பிரிவு. என் சிபாரிசு. சாயங்காலம் தலைவலி என்றாள். மாத்திரை, மோர்.

6-10, செவ்வாய்
மழை. ஃபேக்டரி கேட்டில் கடன் விற்கிற ஆள், ரூத்தின் மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தான். அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். டீ போடச் சொன்னார்.
"ஆர்டரு திரும்பி வருதாம். ரெண்டு மிஷின் போதும்." ரூத்திடம், "உம் பேரு சுத்தமா இருக்குதாம்மா." பிறகு அடுப்படிக்கு வந்து, என்னிடம் மட்டும்: "வர்ற பணத்துல மொதல்ல உன் பதினாலாயிரத்த கட்டிட்றேன்."

டீயோடு போனபோது ரூத் என்னைப் பார்த்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. "இன்னாக்கா, கையெழுத்து போடட்டா?"
அந்த ஆள் சட்டைப்பையைத் தடவினான். பேனா இல்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.